அவருக்குப் பின்னால் யாரும் வரவில்லை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செகந்திராபாத் மாரெட்பள்ளி கடைத்தெருவில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது என் கைப்பேசி அடித்தது. திரையில் தணிகாசலம் என்று வந்தது. காலை எட்டு மணிக்கு அவர் யாரையும் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. அது அவர் மனைவிக்கு ராகிக் கஞ்சி ஊட்டுகிற நேரம். "என்னப்பா, இன்னிக்கு டீச்சர் சீக்கிரம் சாப்பிட்டுட்டாங்களா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் யாதம்மாவின் குரல் கேட்டது. அவர்கள் வீட்டில் துணைக்கு இருக்கிற பெண்மணி. "சார் லேரு சார்" என்றார். தெலுங்கில் அதற்கு வீட்டில் இல்லை என்றும் பொருள் உண்டு. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். "எங்கே போனார்? போனை வீட்டிலேயே வெச்சிட்டுப் போயிட்டாரா?" என்று கேட்டேன். யாதம்மா அதே சொற்களை மறுபடி சொன்னார். கீரைக்காரம்மா கீரைக்கட்டை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். அதை வாங்கினேனா இல்லையா என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

நம் வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு வருகிறவர்களில் பழையவர்களுக்குத் தணிகாசலத்தை நன்றாகத் தெரியும். புதியவர்கள் அவரை, சாமி மேல் கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டவர் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். அப்படி ஒரு பேச்சு பரவியதற்கு முதல் காரணம் நான். நடந்ததை உங்களிடம் சொல்லாமல் என்னால் அவருக்கு அஞ்சலி செலுத்த முடியாது.

அவருடைய கொள்ளுத்தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு செகந்திராபாத்துக்கு வந்தவர். நான்கு தலைமுறை ஆகியும் வீட்டில் வேலூர்த் தமிழ்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்லும்போது அவருக்கு ஹைதராபாத்து 'நக்கோ'தான் முதலில் வரும். ஆமாம் என்பதற்கு 'ஹவ்'. தார்நாகாவில் ஓர் ஆய்வகத்தில் நாங்கள் இருபத்தெட்டு ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் பண்டகசாலையில் இருந்தேன். அவர் கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில். வேலை முடிந்ததும் ஒரே ஸ்கூட்டரில் டீக்கடை வரைக்கும் வருவோம். அவர் ஓட்டுவார், நான் பின்னால் உட்கார்ந்து பேசுவேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

பழைய ஆட்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிற ஒரு நிகழ்ச்சி உண்டு. சுருள் காகிதத்தில் பேனா கோடு போட்டுக்கொண்டே போகும் ஒரு கருவி. மூன்று நாளாக ஒன்றும் வரவில்லை, கோடு அசையவே இல்லை, கருவி போய்விட்டது என்று ஆராய்ச்சி மாணவர்கள் புகார் எழுதிக் கொடுத்தார்கள். தணிகாசலம் வந்து, கருவியைத் திறக்காமல், காகிதத்தை மட்டும் குனிந்து பார்த்தார். பேனா காகிதத்தின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றிருந்தது. சின்ன அசைவு வரும் என்று எண்ணி அவர்கள் சின்ன அளவை வைத்திருந்தார்கள். வந்தது அந்த அளவுக்கு அடங்கவில்லை. ஒரு குமிழைத் திருப்பினார். கோடு மலை மாதிரி ஏறி இறங்க ஆரம்பித்தது. "வரலைன்னு எழுதாதீங்க. நான் வெச்ச அளவுல தெரியலைன்னு எழுதுங்க" என்று சொல்லிவிட்டுத் திருப்புளியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அவர் மனைவி விமலா மாரெட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நம் வழிபாட்டில் பாடுகிறவர் அவர்தான். தணிகாசலம் ஓரமாக உட்கார்ந்து தாளம் போடுவார், அதுவும் அவ்வப்போது தப்பும். டீச்சர் பாடிக்கொண்டே அவரைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். தாளம் சரியாகிவிடும். ஓய்வு பெற்ற மறு வருஷம் டீச்சருக்குப் பாட்டின் நடுவே வரிகள் மறந்தன. நாம் எல்லோரும் வயது என்றோம். பிறகு ஒரு நாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தன் பழைய பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார். முதல் மணி அடித்தும் காவலாளி உள்ளே விடவில்லை என்று அழுதார். மூளை சுருங்கி வருகிறது, இதற்கு மருந்து இல்லை என்று மருத்துவர் சொன்னார். மூன்றாவது வருஷம் அவருக்குக் கணவரின் முகம் மறந்துபோனது.

தணிகாசலம் நம்மிடம் வந்து ஒன்றே ஒன்றைச் சொன்னார். "குணமாகணும்னு கேக்கலை. அது முடியாதுன்னு எனக்குத் தெரியும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னை 'ஏங்க'ன்னு கூப்பிடணும். அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்." அதற்காக ஒரு மண்டலம் விரதம் இருந்தார். நாற்பத்தெட்டு நாளும் விடியற்காலையில் முருகன் கோயிலுக்கு நடந்தே போய் வந்தார், ஒருவேளைதான் சாப்பிட்டார். நாமும் வெள்ளிதோறும் அவருக்காக வேண்டினோம். வேண்டுதல் பட்டியலைப் படிக்கிறவன் நான்தான் என்பதால், 'விமலா டீச்சர் தம் கணவரை அடையாளம் காண' என்ற வரியை ஏழு வாரம் உரக்கப் படித்தேன்.

நாற்பத்தெட்டாவது நாள் அவர் வீட்டில் கூடினோம். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். கூடம் நிறைந்திருந்தது. அபிஷேகம் முடிந்து, டீச்சர் நெற்றியில் திருநீறு இட்டு, தணிகாசலம் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். "விமலா, நான் யாரு?" என்று கேட்டார். டீச்சர் அவர் முகத்தை மரியாதையோடு பார்த்தார். விருந்தாளியை வருத்தப்படுத்தக் கூடாதே என்று யோசிப்பது போலிருந்தது. பிறகு தெலுங்கில் கேட்டார்: "மீரு டாக்டரா?" நீங்கள் டாக்டரா?

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. நான்தான் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். பருத்திப் புடவையும் கையில் ஒரு துணிப்பையுமாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டார். "இங்கே பூஜை நடக்குது, இப்ப வராதே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். உள்ளே திரும்பியபோது தணிகாசலம் இன்னும் தரையில்தான் இருந்தார். நம்மில் யாரோ "முருகன் கொஞ்சம் லேட்டா வருவார், கட்டாயம் வருவார்" என்றார்கள். தணிகாசலம் எழுந்து எல்லோருக்கும் பிரசாதம் கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை.

ஒரு மாதம் பொறுத்துவிட்டு அவரைக் கூப்பிட்டு வரப் போனேன். மூன்றாவது மாடி, லிப்ட் இல்லாத கட்டடம். அவர் கதவைப் பாதி திறந்தபடியே நின்று பேசினார்.

"கேட்டது கிடைக்கலைன்னா சாமியை விட்டுடுவியா?" என்றேன்.

"நான் விடலைப்பா. அவர்தான் வரலை."

"நாமதான் காத்திருக்கணும்."

"எவ்வளவு நாளைக்கு? அவளுக்கு இருக்கிறது கொஞ்சம்தான். தினமும் கொஞ்சம் கொஞ்சமா போய்க்கிட்டே இருக்கு. நீ காத்திரு. எனக்கு நேரம் இல்லை."

கதவைச் சாத்திவிட்டார். அந்த வாரம் வழிபாட்டில் நான் ஒன்று சொன்னேன். உங்களில் சிலர் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. "சில பேருக்குச் சாமியும் கடைக்காரரும் ஒண்ணு. கேட்ட சரக்கு இல்லைன்னா வேற கடைக்குப் போயிடுவாங்க." நான் பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அது அவர் காதுக்குப் போனது. அவர் என்னைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஒன்றரை வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு நாள் சாயங்காலம், தார்நாகாவில் ஒரு வேலையாகப் போய்விட்டு ஆட்டோவுக்கு நின்றபோது, எதிர்ச்சாரியில் அவர் கட்டடத்து வாசலில் அவரைப் பார்த்தேன். தேய்த்த சட்டை போட்டு, தோளில் பழைய ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டதால் நான் சாலையைக் கடந்து போனேன்.

"எங்கேயாவது வேலைக்குப் போறியா?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

"ஹவ். தினமும் போறேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. "நீ முன்னாலே மேலே போ. டீச்சர் பக்கத்துல உக்காரு. அவ முகத்தை மட்டும் பார்த்துக்கிட்டே இரு. அஞ்சு நிமிஷத்துல நான் வரேன்."

ஒன்றும் புரியாமல் ஏறினேன். கதவைத் திறந்த பெண்மணியை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. விமலா டீச்சர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார். என்னைத் தெரியவில்லை. "மா ஆயன இங்கா ராலேது" என்று என்னிடம் முறையிட்டார். எங்க வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை என்று பொருள். ஐந்தரை மணி ஆனது. கீழே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நிதானமாக, ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் கொஞ்சம் நின்று, மறுபடி ஏறுகிற சத்தம். டீச்சரின் கை நின்றது. தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அறுபத்தாறு வயதுப் பெண்ணின் முகத்தில், கல்யாணமான புதிதில் கணவர் ஆபீஸிலிருந்து வரும்போது சிரிக்கிற சிரிப்பு. யாதம்மா கதவைத் திறந்தார். தணிகாசலம் பையோடு உள்ளே வந்தார். டீச்சர் அவரைப் பார்த்தார். உடனே கழுத்தைச் சாய்த்து அவருக்குப் பின்னால் பார்த்தார்.

"ஆயன வெனகால வஸ்துன்னாரா?" என்று அவரிடமே கேட்டார். அவர் பின்னால் வருகிறாரா?

தணிகாசலம் பையை இறக்கி வைத்துவிட்டு, "ஒஸ்தாரு அம்மா, ஒஸ்தாரு" என்றார். வருவார் அம்மா, வருவார். டீச்சரின் சிரிப்பு மெல்ல அணைந்தது. தலைப்பை மறுபடி சுருட்ட ஆரம்பித்தார்.

சமையலறைக்குப் போனதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சிரிச்சாளா?"

"சிரிச்சாங்கப்பா."

"நான் பார்த்ததே இல்லை. இதுக்காகத்தான் தினமும் இறங்கிப்போய் ஏறி வரேன். நான் படியில இருக்கும்போது சிரிக்கிறா. உள்ளே வந்தா நின்னுடுது. யாதம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

அன்று டீ குடித்துக்கொண்டே அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். டீச்சர் பிறந்து வளர்ந்தது செகந்திராபாத்தில். வீட்டு ஆட்களிடம் தமிழ், வெளியாளிடம் தெலுங்கு என்பது அவருக்கு அறிவுக்கும் கீழே ஊறிப்போன பழக்கம். முகம் மறந்த பிறகும் அது மறக்கவில்லை. பூனாவில் இருக்கிற மகள் கவிதாவிடம் போனில் தமிழில் பேசுவார். தணிகாசலத்திடம் தெலுங்கு. முதலில் அவர் சண்டை போட்டிருக்கிறார். கல்யாணப் போட்டோவை எடுத்து வந்து, "இதோ பாரு, இது நான், நான்தான்" என்று விரலை வைத்துக் காட்டியிருக்கிறார். போட்டோவில் இருந்தவருக்குக் கறுப்பு மீசை. தன் கணவன் என்று சொல்லிக்கொண்டு ஒரு கிழவர் வீட்டுக்குள் நிற்கிறாரே என்று டீச்சர் பயந்து குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கதவை உடைத்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. அதோடு 'நான்தான்' என்று சொல்வதை அவர் விட்டுவிட்டார்.

"அவ தேடுறது முப்பது வயசு ஆளைப்பா" என்றார். "நான் குளிப்பாட்டுறேன், சோறு ஊட்டுறேன், தலை வாருறேன். எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு, 'நீங்க ரொம்ப நல்லவர், ஆனா எங்க வீட்டுக்காரர் என்னை மறந்துட்டார்'னு என்கிட்டயே அழறா. நான் என்ன செய்ய முடியும்? எனக்கு அவ மேல கோபம் வரலை. பாவமா இருக்கு. ஒரு நாள் அப்படி அழுதுக்கிட்டிருக்கிறப்ப, கண்ணைத் துடைச்சுவிட்டுக்கிட்டே இருந்தேன். திடீர்னு எனக்கு உறைச்சுது. சாமி வரலையே, வரலையேன்னு நான் யார்கிட்ட போய் அழுதுக்கிட்டிருந்தேன்?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"அந்த நாற்பத்தெட்டாம் நாள், மணி அடிச்சுதே, ஞாபகம் இருக்கா?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கதவைத் திறந்த பெண்மணியை எங்கே பார்த்தேன் என்பது.

"மறுநாள் திரும்பி வந்தா. நான் வேணாம்னுதான் சொன்னேன். விமலா எழுந்து வந்து அவ கையைப் பிடிச்சுக்கிட்டா. அன்னையிலிருந்து இருக்கா. இவ ராத்திரி தூங்குறதே யாதம்மா மடியிலதான். நான் ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். ஒரு ஆளே வந்தாங்க. நீ கதவைச் சாத்தினே, மறுநாள் நானும் சாத்தப் பார்த்தேன்."

"யாதம்மாவைச் சாமின்னு சொல்றியா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "நக்கோப்பா. அவ காதுல விழுந்தா வேலையை விட்டுட்டுப் போயிடுவா. அப்படி நான் எதையும் சொல்லலை. அவர் இப்படித்தான் வரணும்னு ஒரு போட்டோவை வெச்சுக்கிட்டுக் கதவைத் திறந்தா, வந்தவருக்குப் பின்னாலதான் பார்த்துக்கிட்டு நிப்போம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுவும் சந்தேகமாத்தான் தெரியும்."

நான் சொன்ன கடைக்காரர் பேச்சுக்கு அன்று மன்னிப்புக் கேட்டேன். "அது சரியாத்தானே இருந்துச்சு" என்றார். அவர் கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள் போனேன். வழிபாட்டுக்கு வா என்று மட்டும் கூப்பிடவில்லை. ஐந்தரை மணிக்கு அவர் எங்கே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்த வருஷத் தொடக்கத்தில் அவருக்கு மார்பில் அடைப்பு இருப்பதாகச் சொன்னார்கள். அறுவை சிகிச்சை வேண்டும், அதுவரை மாடிப்படி ஏறவே கூடாது என்றார்கள். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கவிதா பூனாவிலிருந்து வந்து அழுதாள். அவளுக்குத் தமிழ் புரியும், பூனாவுக்குப் போன பிறகு பேசுவது இந்தியில்தான். "பப்பா, ஏக் பார் மேரீ பாத் மான் லோ" என்றாள். ஒரு தடவை என் பேச்சைக் கேளுங்கள் என்று காலைப் பிடித்தாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே, "ஆஸ்பத்திரியில பத்து நாள் படுத்தா, சாயங்காலம் இவ யாருக்காகத் தலைமுடியை ஒதுக்குவா?" என்று கேட்டார். தரைத்தளத்தில் வீடு பார்க்கிறேன் என்றேன். இடம் மாறினால் டீச்சர் இன்னும் கலங்கிப்போவார் என்றார். சரியான பதில்தான். அவர் சொன்ன எல்லாமே சரியான பதில்கள். அவர் படியேறிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் நான் ஒன்று கேட்டேன். "ஒரு நாள் நான் ஏறுறேன். உன் பையைக் கொடு. நீ உள்ளே உக்காரு."

யோசித்தார். சரி என்றார். அவருடைய பையை மாட்டிக்கொண்டு ஐந்தரைக்கு நான் படியேறினேன். அவர் நடை எனக்குத் தெரியும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஏறினேன். யாதம்மா கதவைத் திறந்தபோது டீச்சர் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் டீச்சருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணாடி நனைந்திருந்தது. கழற்றித் துடைக்கவும் இல்லை.

"பார்த்தேன்பா" என்றார்.

அவருக்காக என் வாழ்நாளில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. தினமும் நானே ஏறுகிறேன் என்று சொன்னேன். மறுநாள் போனபோது அவர் வாசலில் பையோடு நின்றிருந்தார். "ஒரு தடவை பார்த்தாச்சு, போதும். அவ என் காலடிக்குத்தான் சிரிக்கணும்னு எனக்கு ஆசை. தப்புதான். ஆனா ஆசை" என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தவர் கரண்டியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். யாதம்மா தண்ணீர் எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் போனபோது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். டீச்சர் தன் நாற்காலியில் இருந்தார். யார் போவது, எப்படிச் சொல்வது என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். டீச்சரே எழுந்து வந்தார். குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்து, "பாபம், ஈயனகு எவரூ லேரா?" என்றார். பாவம், இவருக்கு யாரும் இல்லையா?

கவிதா மதியம் வந்து சேர்ந்தாள். அதே கேள்வியைக் கவிதாவிடமும் கேட்டார், அவளிடம் தமிழில். கவிதா வாயைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள்.

அவரை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. செய்தி கேள்விப்பட்டு ஆய்வகத்து ஆட்களும் நீங்களும் ஒவ்வொருவராக மேலே வந்துகொண்டிருந்தீர்கள். நான் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் யாரும் பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன். படியில் ஒவ்வொரு காலடி கேட்கும்போதும் டீச்சர் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். நீங்கள் உள்ளே வந்து கைகூப்பியபோது, உங்களுக்குப் பின்னால் பார்த்தார். இருபது பேருக்கு மேல் வந்திருப்பீர்கள். இருபது தடவையும் சிரித்தார், இருபது தடவையும் பார்த்தார். அதைத் தடுக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. வராதீர்கள் என்று உங்களிடம் சொல்ல முடியுமா? அவர் வரமாட்டார் என்று டீச்சரிடம் சொல்ல முடியுமா?

கவிதா அடுத்த மாதம் அம்மாவைப் பூனாவுக்கு அழைத்துப் போகிறாள். யாதம்மாவுக்கு இங்கே உப்பலில் குடும்பம் இருக்கிறது, அவரால் கூடப் போக முடியாது. அங்கே டீச்சர் யார் மடியில் தூங்குவார் என்று கவிதா என்னைக் கேட்டாள். அவர்கள் கிளம்பும்வரை சில நாள் நான் ஐந்தரைக்குப் படியேறுகிறேன். என் முழங்காலும் இப்போது ஒத்துழைப்பதில்லை.

தணிகாசலத்துடன் கடவுள் இருந்தார், அவருக்குத் தெரியாமலே இருந்தார் என்று எழுதி இதை முடித்துவிடலாம் என்று இரண்டு மூன்று முறை உட்கார்ந்தேன். தணிகாசலம் இருந்திருந்தால், "அவசரப்படாதே" என்றிருப்பார். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான்: ஏழு வாரம் நான் உரக்கப் படித்த வேண்டுதலில் ஒரு சொல்லையும் விடவில்லை. அந்த வேண்டுதலுக்கு வெளியே வந்த எதையும் நான் பார்க்கவும் இல்லை. இனி அந்தப் பட்டியலை வேறு யாராவது படியுங்கள்.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது, அவர் இறப்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும். டீச்சருக்கு அவர் ஒரு தட்டில் இரண்டு பிஸ்கட் வைத்துக் கொடுத்தார். டீச்சர் ஒன்றைத் தின்றார். இன்னொன்றை உடைத்து, பெரிய பாதியைத் தேர்ந்தெடுத்து, தணிகாசலத்திடம் நீட்டினார். "தீஸ்கோண்டி, மீரு பொத்துன்னிஞ்சி தினலேது" என்றார். எடுத்துக்கோங்க, நீங்க காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடலை. அவர் காலையில் சாப்பிட்டிருந்தார், மதியமும் சாப்பிட்டிருந்தார். அவர் அதைச் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி அந்தப் பாதி பிஸ்கட்டை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு துணுக்கும் சிந்தாமல் தின்றார். டீச்சருக்கு அவர் யார் என்று அப்போதும் தெரியாது. அவருக்கு அதில் ஒரு குறையும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த இரண்டு கைகளைத்தான் நான் நினைவில் வைத்திருக்கிறேன். அப்படி வாங்க எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒருவர் அப்படி வாங்கியதை மூன்றடி தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.